சிடி ஸ்கேனில் ஈயக் கவசம்: யாருக்குப் போட வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உள்ள ஸ்கேன் சென்டர்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகன் போனில் கேட்பார், ஆச்சியைக் கூட்டிவந்த பேரன் அதை அப்படியே டெக்னீஷியனிடம் கேட்பான்: "மேல ஈயத் துணி ஒண்ணும் போடலியே, கதிர்வீச்சு ஒண்ணும் பண்ணாதாண்ணே?" பெரும்பாலும் வரும் பதில், "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்பதுதான். பதில் சரி. ஆனால் காரணம் சொல்லப்படுவதில்லை என்பதால், சின்ன ஊர் சென்டரின் அலட்சியம் என்று கேட்டவர் நினைத்துக்கொண்டு போகிறார். காரணத்தைத் தெரிந்துகொண்டால், உண்மையில் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சாதாரண எக்ஸ்ரேயில் கதிர் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. சிடியில் கதிரை வெளியிடும் எக்ஸ்ரே குழாய் நோயாளியைச் சுற்றி 360 டிகிரியும் சுழல்கிறது. டேபிள் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே ஓர் ஈய ஏப்ரனைப் போர்த்தினால், குழாய் கீழே வரும்போது கதிர் டேபிளைத் துளைத்து முதுகு வழியாக நுழையும். ஸ்கேன் எடுக்கும் பகுதிக்குள்ளேயே ஈயத்தை வைத்தாலோ படத்தில் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து, அந்தப் படமே உதவாமல் போகும். ஆகவே கவசம் என்று ஏதாவது வைத்தால், ஸ்கேன் எல்லைக்கு வெளியே, அதுவும் உடலைச் சுற்றி முழுமையாகத்தான் வைக்க முடியும்.

அப்படி வைத்தால் என்ன கிடைக்கும்? நெஞ்சு ஸ்கேன் எடுக்கும்போது அடிவயிற்றுக்குப் போய்ச்சேரும் கதிர் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. நெஞ்சுக்குள் சிதறிய கதிர் உடலின் தசைகள் வழியாகவே கீழே இறங்குகிறது. செட்டிநாட்டு வீட்டின் வளவில் (உள் முற்றத்தில்) ஏற்றிய விளக்கின் வெளிச்சம் இரண்டாம் கட்டுக்குப் போவதை முகப்பில் திரை போட்டுத் தடுக்க முடியாது, இதுவும் அப்படித்தான். குழாயின் உறையிலிருந்து கசிவதும், காற்றிலும் டேபிளிலும் பட்டுச் சிதறி வருவதும்தான் ஏப்ரனால் தடுக்கக்கூடியவை. அவை சிறு பங்கு.

பலனில்லை என்பதோடு நின்றால் மனத் திருப்திக்காகவாவது போர்த்தலாம். இப்போதைய இயந்திரங்களில் அதற்கும் மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கேனுக்கு முன் ஸ்கவுட் என்று ஒரு நீளப் படம் எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இயந்திரம், எந்த இடத்தில் உடல் தடிமன், எங்கே மெலிவு என்று கணக்கிட்டுக் குழாய் மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. சீமென்ஸில் இதற்கு கேர் டோஸ் என்று பெயர், ஜிஇயில் ஆட்டோ எம்ஏ, பிலிப்ஸில் டோஸ்ரைட். ஸ்கவுட் எடுக்கும்போது ஏப்ரன் எல்லைக்குள் இருந்தால், "இந்த இடத்தில் உடல் மிகவும் அடர்த்தி" என்று இயந்திரம் புரிந்துகொண்டு மின்னோட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். கதிரைக் குறைக்கப் போட்ட துணி கதிரைக் கூட்டிவிடும். ஸ்கவுட் முடிந்தபிறகு போட்டால் தப்பலாம் என்றால், சில இயந்திரங்கள் ஸ்கவுட்டோடு நிற்காமல் சுழலும்போதே, உடலைக் கடந்த கதிரை வாங்கும் டிடெக்டரில் வந்து விழுவதை அளந்து உடனுக்குடன் மாற்றிக்கொள்கின்றன. அங்கே அந்தத் தந்திரமும் பலிக்காது.

இன்னொன்றும் உண்டு. டேபிள் நகர நகரச் சுருள் போலச் சுற்றி எடுக்கும் ஹெலிகல் ஸ்கேனில், கன்சோலில் (இயக்கும் கம்ப்யூட்டரில்) போட்ட எல்லையோடு கதிர் நிற்பதில்லை. படத்தைக் கணக்கிட்டு உருவாக்க முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். எல்லைக் கோட்டை ஒட்டி வைத்த கவசம் அந்தக் கூடுதல் சுற்றில் மாட்டிக்கொள்ளும். நோயாளி மூச்சை இழுக்கும்போது ஏப்ரன் சரிந்து உள்ளே வந்தாலும் அதே கதைதான். படம் கெட்டால் திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப எடுப்பது என்றால் டோஸ், அதாவது உடலுக்குப் போகும் கதிரின் அளவு, இரண்டு மடங்கு.

இதையெல்லாம் பார்த்துத்தான் உலகம் மெல்ல மெல்லக் கவசத்தைக் கைவிட்டு வருகிறது. பிறப்புறுப்புக்கு ஈயம் வைக்கும் வழக்கம் 1950களில் வந்தது. பரம்பரைப் பாதிப்பு வரும் என்பது அன்றைய பெரிய பயம். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் இனப்பெருக்க உறுப்புகளுக்குக் கொடுத்த எடைக்காரணி (அந்த உறுப்பின் பாதிப்பை எவ்வளவு பெரிதாகக் கணக்கில் எடுப்பது என்ற எண்) 1977-ல் 0.25; 1990-ல் 0.20, 2007-ல் 0.08. அதாவது முப்பது வருடத்தில் அந்தப் பயம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019 ஏப்ரலில், கருவுக்கும் பிறப்புறுப்புக்கும் வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று அறிக்கை விட்டது. 2020-ல் பிரிட்டனிலும் அதே திசையில் வழிகாட்டுதல் வந்தது. 2024-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் பல் எக்ஸ்ரேக்கு ஏப்ரனும் கழுத்துப்பட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. போனில் கேட்கும் மகனுக்கு இதைச் சொல்லலாம். அவர் நினைவில் இருப்பது பழைய அமெரிக்கா.

பிஸ்மத் கவசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்லாக்கில் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்கும் சென்டர்கள் இன்னமும் இருக்கின்றன. இது ஸ்கேன் எல்லைக்குள்ளேயே, கண், தைராய்டு, மார்பகம் இவற்றின் மேல் வைக்கும் மெல்லிய ரப்பர் தகடு. முன்பக்கத்திலிருந்து வரும் கதிரைப் பகுதியளவு உறிஞ்சி, அடியில் உள்ள உறுப்புக்குப் போவதைக் குறைக்கிறது. குறைப்பது உண்மைதான். ஆனால் குழாய் முதுகுப் பக்கம் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: கதிர் நோயாளியின் உடல் முழுவதையும் கடந்து, கொடுக்க வேண்டிய டோஸையெல்லாம் கொடுத்து முடித்து, படத்துக்கான தகவலோடு வெளியே வருகிறது. அதை டிடெக்டருக்குப் போகவிடாமல் பிஸ்மத் பிடித்துக்கொள்கிறது. நோயாளி விலை கொடுத்து வாங்கிய தகவல் வீணாகிறது. தகட்டுக்கு அடியில் ஹவுன்ஸ்பீல்டு எண்கள் (படத்தில் அடர்த்தியைச் சொல்லும் எண்கள்) ஏறிப்போவதால், இதயத் தமனிக் கால்சியம் அளப்பது, நுரையீரல் கட்டியின் அடர்த்தி பார்ப்பது எல்லாம் தப்பாகும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அதே உறுப்புக்கு அதே அளவு டோஸ் குறைந்துவிடும், படத்தில் புள்ளி இரைச்சலும் அதே அளவுதான் இருக்கும், கூடவே முதுகுப் பக்கத்துக்கும் டோஸ் குறையும். காசு கொடுத்துத் தகடு வாங்க வேண்டிய தேவை எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை.

சரி, அப்படியானால் எது குறைக்கும்?

முதலில் கணக்கு. ஒவ்வொரு ஸ்கேனின் கடைசியிலும் இயந்திரம் ஒரு டோஸ் பக்கம் போடும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். சிடிடிஐ வால் என்பது, மாதிரி உருளையை வைத்துக் கணக்கிட்ட, அந்த செட்டிங்கில் இயந்திரம் வெளியிடும் கதிரின் அளவு. மில்லி கிரேயில் இருக்கும். அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் டிஎல்பி. டிஎல்பியை, தலைக்கு 0.0021, நெஞ்சுக்கு 0.014, வயிற்றுக்கு 0.015 என்ற காரணியால் பெருக்கினால் உடல் முழுவதற்குமான பாதிப்பளவு தோராயமாக மில்லி சீவர்ட்டில் கிடைக்கும். டிஎல்பி 900 உள்ள தலை ஸ்கேன் சுமார் 1.9 மில்லி சீவர்ட். டிஎல்பி 600 உள்ள வயிற்று ஸ்கேன் 9. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே ஓர் ஆண்டில் வரும் உலகச் சராசரி சுமார் 2.4 முதல் 3 மில்லி சீவர்ட்.

இப்போது நீளத்தைப் பாருங்கள். சிடிடிஐ வால் 10 என்று வைத்துக்கொண்டால், வயிற்றில் 5 செ.மீ. கூடுதலாக எடுத்தால் டிஎல்பி 50 ஏறும். அது முக்கால் மில்லி சீவர்ட். எல்லைக்கு வெளியே ஏப்ரன் போர்த்தி மிச்சப்படுத்தக்கூடியது இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் இந்த 5 செ.மீ.யைத்தான் "எதுக்கும் இருக்கட்டும்" என்று அன்றாடம் தாராளமாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் கேயூபி ஸ்கேன் சிறுநீரகத்தின் மேல் முனைக்குச் சற்று மேலே தொடங்கி, மூத்திரப்பையைத் தாண்டியதும் முடிந்தால் போதும். கல்லீரலின் உச்சியிலிருந்து தொடங்கித் தொடை வரை இழுப்பது வெறும் பழக்கம். செட்டிநாட்டு வெயிலில் வியர்வை போகிற போக்குக்குத் தண்ணீர் குடிப்பது போதாமல் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உண்டு. வலி வந்தபோதெல்லாம் முழு டோஸ் ஸ்கேன் எடுத்தால் சில வருடத்தில் கூட்டுத்தொகை பெரிதாகிவிடும். கல் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் பொருள். படம் கொஞ்சம் புள்ளியாக இருந்தாலும் தப்பாது. அதனால் கல்லுக்கென்றே குறைந்த டோஸ் புரோட்டோகாலை (ஸ்கேன் செட்டிங்குகளின் தொகுப்பை) கன்சோலில் தனியாகச் சேமித்து வைக்கலாம். அதற்கும் முன்னால், அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

அடுத்தது சீட்டில் எழுதும் "பிளைன் அண்ட் கான்ட்ராஸ்ட்". மருந்து ஏற்றாமல் ஒன்று, ஏற்றியபின் ஒன்று என்று இரண்டு தடவை ஸ்கேன், இரண்டு பங்கு டோஸ். கல்லீரல் கட்டிக்கு மூன்று கட்டமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: தமனிக் கட்டத்தில் தெரிவது சிரைக் கட்டத்தில் மறையும், அந்த மாற்றமே நோயைச் சொல்லும். வயிற்றுவலி, காய்ச்சல், குடல்வால் சந்தேகம் என்றால் பெரும்பாலும் மருந்து ஏற்றியபின் எடுக்கும் ஒரே கட்டம் போதும். இங்கே முடிவெடுக்க வேண்டியவர் ரேடியாலஜிஸ்ட். சீட்டு எழுதிய டாக்டருக்கு ஒரு போன் அடித்து, "என்ன தேடுறீங்க?" என்று கேட்டால் பாதி ஸ்கேன் குறையும். கேட்பதற்குக் கூச்சப்படும் ரேடியாலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். கேட்டால் கோபப்படும் டாக்டர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்தக் கூச்சத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

டெக்னீஷியன் கையில் இருப்பவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது நடுவில் படுக்க வைப்பது. கதிர் வெளிவரும் இடத்தில் வில் வடிவ வடிகட்டி இருக்கிறது. நடுவில் மெல்லிசு, ஓரங்களில் தடிமன். உடலின் நடுப்பகுதிக்கு அதிகக் கதிரும் ஓரங்களுக்குக் குறைவாகவும் போகும்படி அமைத்தது. நோயாளி கேன்ட்ரியின் (இயந்திரத்தின் வளையப் பகுதியின்) மையத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும். மாதிரி உருளையை வைத்து அளந்தபோது, மையத்திலிருந்து 3 செ.மீ. விலகினால் ஓரப் பகுதி டோஸ் 18 சதவீதமும், 6 செ.மீ. விலகினால் 41 சதவீதமும் கூடியது. டேபிளை வேண்டிய உயரத்துக்கு ஏற்றாமல் அவசரத்தில் உள்ளே தள்ளுவதுதான் வழக்கமான தவறு. ஸ்கவுட்டில் நோயாளி குழாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நிழல் பெரிதாக விழும்; குண்டான ஆள் என்று இயந்திரம் மின்னோட்டத்தையும் ஏற்றிவிடும். பக்கவாட்டு லேசர் கோடு விலாவின் நடுவில் ஓடுகிறதா என்று பார்க்க ஐந்து விநாடி ஆகாது. ஸ்கவுட்டைக் குழாயைக் கீழே வைத்து எடுத்தால் கண், தைராய்டு, மார்பகம் மூன்றுக்கும் அந்தப் படத்தின் டோஸ் குறையும். கன்சோலில் ஒரு தேர்வு மட்டும்தான்.

கைகளை மேலே தூக்க வைப்பதும் அப்படியே. நெஞ்சு, வயிறு ஸ்கேனில் கை பக்கவாட்டில் கிடந்தால் எலும்புக் கீற்றும் வரும், தானியங்கி மின்னோட்டமும் ஏறும். தோள் பிடிப்புள்ள வயதானவர்களுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து ஒரு கையையாவது தூக்க வைக்கலாம்.

கிலோவோல்ட்டை 120-லிருந்து 100-க்கு இறக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, டோஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். மெலிந்த உடலுக்கு இது தாராளமாகப் போதும். அயோடின் மருந்து ஏற்றிய ரத்தக்குழாய் ஸ்கேனில் இன்னும் நல்லது. குறைந்த வோல்ட்டில் அயோடின் கூடுதலாகப் பளிச்சிடும். புதிய இயந்திரங்களில் இரைச்சலைக் கணக்கால் துடைக்கும் வசதி வேறு வந்திருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டு மின்னோட்டத்தைக் குறைக்காமல் விட்டால் படம் அழகாகும், டோஸ் அப்படியே இருக்கும். இதைக் கவனிக்காமல் "லோ டோஸ் மெஷின்" என்று போர்டு வைப்பவர்களும் உண்டு.

தலை ஸ்கேனில் கண்ணைக் காப்பாற்றுவதற்கும் தகடு தேவையில்லை. கேன்ட்ரியைச் சாய்த்தோ, சாயாத இயந்திரத்தில் மோவாயை நெஞ்சோடு ஒட்ட வைத்தோ, புருவ எலும்பும் காதுத் துளையும் சேரும் கோட்டுக்கு இணையாக வெட்டினால் கண் எல்லைக்கு வெளியே போய்விடும். கண் வில்லையில் புரை விழுவதற்கான வரம்பை 2011-ல் சர்வதேச ஆணையம் 500 மில்லி கிரேயாகக் குறைத்தது. எல்லைக்குள் அகப்பட்ட கண்ணுக்கு ஒரு தலை ஸ்கேனில் சில பத்து மில்லி கிரே கிடைக்கும். ஒரு தடவை என்றால் பயமில்லை. பைக்கில் விழுந்து மூளையில் ரத்தம் கட்டி, ஒரே வாரத்தில் நாலைந்து ஸ்கேன் எடுக்கும் இளைஞருக்கு ஒவ்வொரு முறையும் சாய்த்து எடுத்தால்தான் கூட்டுத்தொகை அடங்கும். முக எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் சாய்க்க முடியாது. அது வேறு விஷயம்.

நகையால் கெட்டுத் திரும்ப எடுக்கப்படும் ஸ்கேனும் நம் பக்கத்தில் குறைவில்லை. ஆச்சிமாரின் வைரத்தோட்டுத் திருகு வருடக்கணக்கில் கழற்றாமல் இறுகிப்போயிருக்கும். தலை ஸ்கேன் என்று தெரிந்தால் வீட்டிலேயே எண்ணெய் விட்டுக் கழற்றிவிட்டு வருவது உத்தமம். ஸ்கேன் அறை வாசலில் அது நடக்காது. வயிற்று ஸ்கேனுக்குத் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, மேலே தூக்கிக் கழுத்தோடு வைத்தால் போதும். ஆனால் வெள்ளி அரைஞாணும் இடுப்புத் தாயத்தும் கட்டாயம் வெளியே வர வேண்டும். புடவைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் இருப்பதால் யாரும் கேட்பதில்லை, ஸ்கவுட்டில்தான் தெரியவரும்.

கர்ப்பம் பற்றிய கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்றால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். உடை மாற்றும் அறையில், பெண் ஊழியர் கேட்கட்டும். சந்தேகமிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. கர்ப்பிணிக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி சந்தேகம் போன்ற அவசரத்தில் நெஞ்சு ஸ்கேன் எடுத்தால் கருவுக்குப் போவது 1 மில்லி கிரேக்கும் குறைவு. உறுப்புக் குறைபாடு பற்றிக் கவலைப்பட வேண்டிய வரம்பு 100. ஏப்ரன் தேடி அலைந்து தாமதிப்பதுதான் அங்கே ஆபத்து. அடிவயிற்றையே ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தால் கரு கதிரின் நேர்ப்பாதையில் இருக்கிறது, எந்தக் கவசமும் உதவாது. அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ போதுமா என்பதை மட்டும்தான் பேச வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு தேவை. பெரியவர்களின் புரோட்டோகாலை அப்படியே போடுவது இன்னும் நடக்கிறது. அதைவிட நுட்பமான ஒரு பொறி டோஸ் பக்கத்தில் இருக்கிறது. சிடிடிஐ எண், 16 செ.மீ. உருளைக்கா 32 செ.மீ. உருளைக்கா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். சின்னக் குழந்தையின் வயிற்றை 32 செ.மீ. கணக்கில் காட்டினால், உண்மையில் கிடைத்ததில் ஏறக்குறைய பாதியே எண்ணாகத் தெரியும். "அஞ்சுதான் வந்திருக்கு, கம்மி" என்று திருப்திப்படக் கூடாது. கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்கு ஸ்கேன் தேவையா என்பதற்கே விதிகள் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து உருவாக்கியவை. நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, விழுந்த உயரம் குறைவு, மண்டையில் முறிவுக்கான அடையாளம் இல்லை, பெற்றோர் கண்ணுக்குக் குழந்தை வழக்கம்போல் இருக்கிறது என்றால், டாக்டர் பார்த்துவிட்டுச் சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பதே போதுமானதாக இருக்கும்.

இனி ஈயம் கட்டாயம் வேண்டிய ஆளுக்கு வருவோம். அது டேபிளில் படுத்திருப்பவர் அல்ல, அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். மறதி நோயுள்ள ஐயாவையோ அழும் குழந்தையையோ யாராவது பிடித்தே ஆக வேண்டிய நேரம் வரும். அந்த ஆளுக்கு ஸ்கேனால் ஒரு பயனும் இல்லை. அவர்மேல் விழுவது வெளியிலிருந்து வரும் சிதறல் மட்டுமே, அதை ஏப்ரன் நன்றாகவே தடுக்கும். 0.5 மி.மீ. ஈயச் சமானமுள்ள ஏப்ரன், கழுத்துக்குத் தைராய்டு பட்டை. கேன்ட்ரியின் துளைக்கு நேர் எதிரே நிற்பதுதான் மோசமான இடம். கேன்ட்ரி உடலின் பக்கவாட்டு மறைவில் சிதறல் மிகக் குறைவு. கை எட்டும் தூரத்தில் அந்த மறைவுக்கு எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு. முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் போட்டவர் இயந்திரத்துக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. ஒருவர் போதும், கர்ப்பிணியும் சிறுவர்களும் கூடாது, சென்டரின் ஊழியரே தினமும் பிடிக்கவும் கூடாது. பட்டையால் கட்டி, பஞ்சுத் தலையணை முட்டுக் கொடுத்தால் பல நேரங்களில் ஆளே தேவைப்படாது.

அந்த ஏப்ரனின் நிலைமையையும் பார்க்க வேண்டும். நாற்காலி முதுகில் மடித்துப் போட்ட ஏப்ரனில் மடிப்பு வாக்கில் ஈயத் தாள் வெடிக்கும். வெளித்துணி முழுசாக இருப்பதால் தெரியாது. தொங்கவிடும் ஸ்டாண்டு வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை டேபிளில் விரித்து ஒரு ஸ்கவுட் எடுத்தால் வெடிப்பு கோடு கோடாகத் தெரிந்துவிடும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, தரப் பரிசோதனை எப்போது நடந்தது என்று சென்டரில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

கடைசியாக, கிளம்பும்போது ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். டைகாம் (கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் மருத்துவப் பட வடிவம்) வடிவில் முழுப் படங்களையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், டோஸ் பக்கமும் அதில் சேர்ந்திருக்கட்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பப்படும் நோயாளிக்கு அங்கே போனதும் மறுபடி ஸ்கேன் எடுப்பதற்கு முக்கியமான காரணம், நாலு ஃபிலிமில் சுருக்கிப் போட்ட படங்களை வைத்து அறுவை சிகிச்சை டாக்டரால் முடிவெடுக்க முடியாததுதான். டிஸ்க் அங்கே திறக்கிறதா என்று இங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலி டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கே நிற்பவர்களும் இருக்கிறார்கள்.